பழைய எச்61 போர்டில் ஐ7 போட்டால் திரை வரவில்லை: கெட்டது போர்டா, பிராசசரா?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் புரியும்படி அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வீட்டில் இருப்பது இன்டெலின் எச்61 சிப்செட் (போர்டின் பகுதிகளை இணைத்து நடத்தும் சில்லு) வைத்த மதர்போர்டு, கோர் ஐ3-2100 பிராசசர், 4 ஜிபி ரேம். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கான பாடத்தாள் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் தயாராகின்றன. வேகம் போதவில்லை என்று ரங்கூனிலிருந்து பழைய ஐ7-3770 ஒன்றை வரவழைத்து மாட்டியிருக்கிறார். ஃபேன் சில நொடி சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, திரையில் எதுவும் வருவதில்லை. ஐ3-ஐத் திரும்பப் போட்டால் வழக்கம்போல் வேலை செய்கிறது. கடைக்காரர், "போர்டு தாங்காது, வேறு போர்டு எடுங்கள், அந்த ஐ3-ஐக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறாராம். போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்கிறார் இன்னொருவர்.

ஐ7 நல்லதா கெட்டதா என்பதும், திரையில் சில சமயம் வரும் எச்சரிக்கைகளுக்கு என்ன பொருள் என்பதும்தான் தம்பியின் கேள்விகள். ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. இவ்வளவு அறிகுறிகளை வைத்து ஒரு போர்டைச் செத்தது என்று முடிவுகட்டலாமா? நம் ஊர் கரண்டை நம்பி பயாஸில் கை வைக்கலாமா? ரங்கூனில் போர்டு ரிப்பேர் வேலையில் பல வருஷங்களாக இருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஐ3 ஓடுகிறது என்றால் போர்டு உயிரோடு இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஐ7 கெட்டது என்று சொல்லவும் இதுவரை எந்த ஆதாரமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஐ3-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கழிவு விலைக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்தால், நீங்கள் போர்டை எழுப்பக் கையில் இருக்கும் ஒரே வழி போய்விடும். ஏன் என்று விளக்குகிறேன்.

ஐ3-2100 இன்டெலின் இரண்டாம் தலைமுறை, சாண்டி பிரிட்ஜ். அந்தக் குடும்பம் 2011 ஜனவரியில் வந்தது. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, ஐவி பிரிட்ஜ், 2012 ஏப்ரலில் வந்தது. இரண்டுக்கும் ஒரே எல்ஜிஏ 1155 சாக்கெட்தான், அதனால் உட்காருவதில் சிக்கல் இல்லை. ஆனால் சாக்கெட்டில் உட்காருவது வேறு, போர்டு அதை இன்னாரென்று அறிந்து எழுப்புவது வேறு. பவர் பட்டனை அழுத்தியதும் பிராசசர் தன் முதல் கட்டளைகளைப் போர்டில் உள்ள சின்ன எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பிலிருந்து படிக்கிறது. அதில்தான் பயாஸ் இருக்கிறது. பயாஸ் பிராசசரின் அடையாள எண்ணைக் கேட்டு, அதற்குரிய மைக்ரோகோடை, அதாவது பிராசசரின் உள்வேலையைத் திருத்தும் கட்டளைகளை, தன் பட்டியலிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். கடைகளில் விற்ற சாண்டி பிரிட்ஜ் சில்லுகளின் எண் 206ஏ7, ஐவி பிரிட்ஜின் எண் 306ஏ9. 2011-இல் எழுதிய பயாஸில் இரண்டாவது எண் எப்படி இருக்கும்? அந்தப் பிராசசர் அப்போது விற்பனைக்கே வரவில்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்டெலின் 6 வரிசை சிப்செட்டுக்குள் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று ஒரு தனிச் சின்ன மூளை இருக்கிறது. அதற்கான ஃபர்ம்வேரும் (சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருள்) அதே ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கிறது. சாண்டி பிரிட்ஜ் காலத்தில் வந்த போர்டுகளில் அது 7-ஆம் பதிப்பு. ஐவி பிரிட்ஜுக்கு 8-ஆம் பதிப்பு வேண்டும். போர்டு தயாரிப்பாளர் ஐவி பிரிட்ஜுக்காக வெளியிட்ட அப்டேட் இந்த இரண்டையும் சேர்த்தே மாற்றும். இந்த இரண்டும் இல்லாத போர்டில் ஐ7-ஐப் போட்டால், நீங்கள் எழுதியிருப்பது போலவே ஃபேன் சுற்றி நின்று சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பழைய பயாஸும் புதிய பிராசசரும் சந்திக்கும்போது எனக்கு மிகவும் பழக்கப்பட்ட காட்சி இது. அப்டேட் செய்ய வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். இந்தப் போர்டை ஓட வைக்கக்கூடியது ஐ3 மட்டும்தான். அதை விற்றுவிட்டு ஐ7-ஐ மட்டும் வைத்துக்கொள்வது, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டிவிடுவதற்குச் சமம்.

எனவே முதல் வேலை, ஐ3-ஐ மாட்டிக் கம்ப்யூட்டரை ஓட்டி, பயாஸ் பதிப்பையும் தேதியையும் குறித்துக்கொள்வது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் இரண்டும் இருக்கும், சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளிலும் மெயின்போர்டு பக்கத்தில் பார்க்கலாம். தேதி 2011 என்று இருந்தால் உங்கள் ஐ7 எழும்பாததற்கான காரணம் பெரும்பாலும் கையில் கிடைத்துவிட்டது. 2012 பிற்பாதி அல்லது 2013 என்று இருந்தால் ஐவி பிரிட்ஜ் ஆதரவு ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். அடுத்து போர்டின் மேல் அச்சடித்திருக்கும் முழுப் பெயரையும், ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 2.0, 3.0 என்று தனித்தனிப் போர்டுகள் உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றின் பயாஸ் மற்றதற்குப் பொருந்தாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த ரிவிஷனுக்கான பிராசசர் பட்டியலைத் திறந்தால், ஐ7-3770-க்கு நேரே எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். அந்த வரிதான் தீர்ப்பு. கடைக்காரர் சொல்வதோ நான் சொல்வதோ அதற்குப் பிறகுதான்.

6 வரிசையில் எச்61, எச்67, பி67, இசட்68 ஆகியவை, தயாரிப்பாளர் அப்டேட் கொடுத்திருந்தால், ஐவி பிரிட்ஜை ஏற்கும். பி65, கியூ65, கியூ67 ஆகிய அலுவலகச் சிப்செட்டுகளுக்கு இன்டெல் அந்த ஆதரவைக் கொடுக்கவில்லை. நம் ஊருக்கு வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழிவாக வந்து இறங்கும் பெட்டிகளில் இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990, எச்பி காம்பேக் 6200 புரோ, 8200 எலைட் எல்லாம் கியூ65, கியூ67 வகை. அவற்றில் ஐ7-3770 போடப் பணம் செலவழிக்காதீர்கள், அதிகபட்சம் ஐ7-2600தான். அதே டெல்லின் 7010, 9010, எச்பி 8300 எலைட் ஆகியவை கியூ77, அங்கே இரண்டு தலைமுறையும் ஓடும். வெளித்தோற்றத்தில் இவை அண்ணன் தம்பி போலவே இருப்பதால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. பயாஸ் புதியதாகவே இருந்தும் திரை வராவிட்டால், போர்டைக் கண்ணால் பார்க்காமல் நான் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். முதலில் சாக்கெட் பின்கள். எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, முடி போல மெல்லியவை. பிராசசரை இரண்டு மூன்று தடவை மாற்றும்போது ஒரு மூலை லேசாக உரசினாலே வளைந்துவிடும். போன் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வரிசை வரிசையாகப் பாருங்கள். வெளிச்சத்தில் ஒரு பின் மட்டும் வேறு மாதிரி மினுங்கினால் அங்கே சந்தேகப்படுங்கள். இந்தத் தலைமுறைகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பிராசசர் மாற்றிய பிறகு ரேம் பீப் அடித்தாலோ, இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் ரேமைக் காட்டாமல் போனாலோ, புது ரேம் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் வளைந்த பின்னோ, கூலர் ஒருபக்கமாக அழுத்திக்கொண்டிருப்பதோதான் காரணம். கூலரைக் கழற்றி, நான்கு காலையும் குறுக்கு மறுக்காக ஜோடி ஜோடியாக அழுத்தி மறுபடி மாட்டினால் ஸ்லாட் உயிர் பெறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, ஆற்றுமுகத்துக் காற்றும் உண்டு. அங்கிருந்து வரும் போர்டுகளில் ரேமின் தங்கக்கால்கள் மங்கிப்போய் இருப்பது சகஜம். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். சாக்கெட் பின்களில் மட்டும் ரப்பரோ துணியோ படவே கூடாது.

பிறகு பிராசசரையே பாருங்கள். மேல்மூடியில் ஐ7-3770 என்ற பெயருக்குக் கீழே எஸ்ஆர்0பிகே என்ற குறி இருக்க வேண்டும். அந்த இடத்தில் கியூ என்று தொடங்கும் நான்கெழுத்துக் குறியும், இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்ற வார்த்தையும் இருந்தால் அது விற்பனைக்கு விடாத சோதனை மாதிரி. அவற்றில் ஆரம்பகாலச் சில்லுகளின் அடையாள எண்ணே வேறாக இருக்கும், எந்த அப்டேட்டும் அதற்குக் கைகொடுக்காமல் போகலாம். வேறு சிலர் ஐ7 என்று சொல்லி, இன்டெலின் சர்வர் வகைப் பிராசசரான ஜியான் இ3-1230 வி2 விற்கிறார்கள். அது நல்ல பிராசசர்தான், ஐ7-க்கு நிகராக ஓடும். ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் போர்டின் விஜிஏ துளையில் கேபிளைச் சொருகினால் திரை என்றைக்கும் கறுப்புதான். ஐ5-3350பி போன்ற பி முடிவுச் சில்லுகளும் அப்படித்தான். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, திரை இல்லை என்பதற்காகவே செத்தது என்று ஒதுக்கிய பெட்டிகள் எத்தனையோ.

இப்போது கரண்ட் விஷயம். அப்டேட் நடக்கும் சில நிமிஷங்களில் மின்சாரம் போனால் போர்டு எழும்பாது என்று உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது உண்மை. பழையதை அழித்துப் புதியதை எழுதும் நேரத்தில் சிப்பில் பாதிதான் இருக்கும். அட்டவணைப்படி கரண்ட் வரும் என்று நம்பி இறங்காதீர்கள். 2021-க்குப் பிறகு ரங்கூனிலேயே அட்டவணையை நம்ப முடிவதில்லை, மோல்மேனுக்குக் கேட்க வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாற்றும் நேரத்திலும் வேண்டாம், அந்த ஒரு நொடித் துடிப்பு போதும். ஒரு யுபிஎஸ் வேண்டும், அதுவும் சோதித்த யுபிஎஸ். இங்கே பல வீடுகளில் யுபிஎஸ் இருக்கும், உள்ளே பேட்டரி இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்திருக்கும், பச்சை விளக்கு மட்டும் எரியும். அதனால் முந்தின நாளே, கம்ப்யூட்டரும் திரையும் ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து நிமிஷம் அசையாமல் ஓடினால் நம்பலாம். பிடுங்கிய உடனே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் அந்த யுபிஎஸ்ஸை வைத்து பயாஸைத் தொடாதீர்கள். சில நல்ல பவர் சப்ளைகள் மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலையை ஏற்காமல் அணைந்துவிடுவதும் உண்டு, அதையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். தேர்ந்த மெக்கானிக் ஆனாலும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவரிடம் உங்கள் போர்டைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்டேட்டை விண்டோஸுக்குள்ளிருந்து செய்ய வேண்டாம். ஆன்டிவைரஸ், அப்டேட், தொங்கிப்போகும் புரோகிராம் என்று இடையூறு வர அங்கே ஆயிரம் வழி. பயாஸுக்குள்ளேயே அதற்கான கருவி இருக்கிறது. கிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். சின்ன பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, இறக்கிய ஜிப் ஃபைலைப் பிரித்து, பயாஸ் ஃபைலை மட்டும் அதில் போடுங்கள். தயாரிப்பாளரின் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். எச்61 போர்டுகள் சிலவற்றில் கடைசிப் பதிப்புக்கு நேரே தாவ முடியாது, முதலில் ஒரு இடைப்பதிப்பைப் போட வேண்டும், அல்லது 22 நானோமீட்டர் (ஐவி பிரிட்ஜ்) பிராசசருக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் மாற்றுக் கருவியை ஓட்ட வேண்டும். ஐவி பிரிட்ஜுக்குப் போன பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாத போர்டுகளும் உண்டு. திரும்பத் தேவையும் இல்லை, ஏனென்றால் புதிய பயாஸில் ஐ3-உம் ஓடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. பயாஸ் செட்டப்பில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள், முக்கியமாக டிஸ்க் எந்த முறையில் இணைகிறது என்று காட்டும் சாட்டா மோடு இருக்கும் பக்கத்தை. அப்டேட் ஆனதும் எல்லா அமைப்பும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். முன்பு ஏஎச்சிஐ என்று இருந்தது ஐடிஇ ஆகிவிட்டால் விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை காட்டும், எண் 7பி என்று முடியும். பிராசசர் மாற்றிய வேளையில் இது நடந்தால் எல்லாரும் பிராசசரைத்தான் குறை சொல்வார்கள். அந்த ஒரு அமைப்பை முன்பு இருந்தபடி மாற்றினால் விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போல எழும்பும்.

அப்டேட் முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஒன்றிரண்டு தடவை அணைந்து எழும்பலாம், மேனேஜ்மென்ட் எஞ்சின் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரம் அது. கை வைக்காமல் பொறுத்திருங்கள். ஐ3-யோடேயே உள்ளே போய், பதிப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்து, ஆரம்ப அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள். பிறகு அணைத்து, சுவர் பிளக்கையே கழற்றி, போர்டில் உள்ள நாணய வடிவச் சிமாஸ் பேட்டரியை எடுத்து சில நிமிஷம் விட்டு, அதன்பின் ஐ7-ஐ மாட்டுங்கள். பிராசசருக்கு அருகே சொருகும் நான்கு பின் பவர் கேபிளை மறந்துவிட்டு திரை வரவில்லை என்று கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ3-2100 65 வாட், ஐ7-3770 77 வாட். போர்டுக்கு இது பெரிய சுமை அல்ல, ஆனால் ஐவி பிரிட்ஜின் மூடிக்கு அடியில் சால்டருக்குப் பதிலாகப் பேஸ்ட் என்பதால் கொஞ்சம் சூடாகவே ஓடும். ஐ3-யோடு வந்த மெல்லிய அலுமினியக் கூலர் ஏப்ரல் வெயிலில் திணறும். நடுவில் செம்பு வைத்த கூலர் பழைய விலைக்குக் கிடைக்கும், எல்ஜிஏ 1150, 1151, 1156 ஆகியவற்றின் கூலர்களும் இதற்குப் பொருந்தும். 775-இன் கூலர் பொருந்தாது, ஓட்டைகளின் இடைவெளி வேறு.

அப்படியும் நடுவில் கரண்ட் போய்விட்டால்? போர்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கிகாபைட் போர்டுகள் பலவற்றில் இரண்டாவது பயாஸ் சிப் இருக்கும், தானே மீட்டுக்கொள்ளும். அமி என்ற நிறுவனத்தின் பயாஸ் உள்ள பழைய போர்டுகளில், பூட் பிளாக் என்ற அடிப்பகுதி அழியாமல் இருந்தால், குறிப்பிட்ட பெயரில் பயாஸ் ஃபைலை பென் டிரைவில் வைத்து, கன்ட்ரோலையும் ஹோமையும் சேர்த்து அழுத்திக்கொண்டே எழுப்பிப் பார்க்கலாம். இதுவும் இல்லையென்றால் சிப்பையே வெளியே எடுத்து எழுத வேண்டும். எச்61 போர்டுகள் பலவற்றில் அது சாக்கெட்டில் சொருகிய எட்டுக்கால் சிப், சால்டர் செய்யாமலே பிடுங்கலாம். முனைக்குறி எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டு பிடுங்குங்கள். உங்கள் ஊரில் லேப்டாப், போன் ரிப்பேர் செய்யும் கடைகளில் சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமர் (சிப்பில் எழுதும் கருவி) இருக்க வாய்ப்பு உண்டு, அங்கே கேளுங்கள். எழுதுவதற்கு முன் பழையதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, பத்திரமாகச் சேமிக்கச் சொல்லுங்கள். போர்டின் சீரியல் எண், சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரி எல்லாம் அதே சிப்பில்தான் இருக்கின்றன. அந்தக் கறுப்பு நிற மலிவுப் புரோகிராமர் 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் சிக்னலைத் தள்ளும் குறை உள்ளது. பல சிப் தாங்கிக்கொள்ளும், ஆனால் 1.8 வோல்ட் சிப்பில் அதை நேரடியாக வைக்கவே கூடாது.

திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிமாஸ் செக்சம் எரர் என்று வந்தால் முதலில் சிஆர்2032 பேட்டரியை அளந்து பாருங்கள். புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். நாளுக்குப் பல தடவை கரண்ட் போகும் ஊரில் போர்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் இல்லாத நேரம் அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும். நியூ சிபியு இன்ஸ்டால்ட் என்பது பிழையே அல்ல, உள்ளே போய்ச் சேமித்து வெளியே வந்தால் போதும். சிபியு ஃபேன் எரர் என்றால் கூலர் வயரை வேறு ஃபேன் சொருகியில் மாட்டியிருப்பீர்கள், அல்லது ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. இன்டெல் சிபியு யுகோட் லோடிங் எரர் என்று வந்தால்தான் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஓடினாலும் அந்தப் பிராசசருக்கான மைக்ரோகோடு பயாஸில் இல்லை என்று அது நேரடியாகச் சொல்கிறது. பீப் ஒலிகளில் அமியின் பழைய வழக்கப்படி ஐந்து பீப் பிராசசர், எட்டு பீப் கிராஃபிக்ஸ். போர்டுக்குப் போர்டு இது மாறுவதால் மேனுவலைப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

இதே கேள்வி வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கும் வரும். எல்ஜிஏ 775-இல், 771 சாக்கெட்டுக்கான ஜியான் இ5450-ஐ ஸ்டிக்கர் ஒட்டி மாட்டுவது இன்னும் நடக்கிறது. மலிவில் நான்கு கோர் கிடைக்கும், 80 வாட்தான். ஆனால் மைக்ரோகோடைப் பயாஸில் நாமே சேர்க்க வேண்டியிருக்கும், போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தால் அந்த முயற்சியே வேண்டாம். எல்ஜிஏ 1151-இல் பெயர் ஒன்றாக இருந்தாலும் 100, 200 வரிசைப் போர்டுகள் 6, 7-ஆம் தலைமுறைக்கு, 300 வரிசை 8, 9-ஆம் தலைமுறைக்கு. மாற்றிப் போட்டால் தயாரிப்பாளரின் எந்த அப்டேட்டும் உதவாது. ஏஎம்டியின் ஏஎம்4-இல் 2017-இன் பி350 போர்டுக்கும் 2022-இல் ரைசன் 5000 ஆதரவு வந்தது. 16 எம்பி சிப்பில் இடம் போதாமல் சில பயாஸ்களில் பழைய பிராசசர்களை நீக்கிவிட்டார்கள் என்பதால் பட்டியலைப் பார்த்தே ஏறுங்கள். அங்கே பிராசசர் மாற்றியதும், பிராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் பற்றி ஒரு கேள்வி வரும். டிஸ்க்கில் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். பாடத்தாளும் பத்திரிகையும் தயாரிக்கும் கம்ப்யூட்டருக்கு ஐ7-ஐ விட எஸ்எஸ்டியும், ரேமை 8 ஜிபி ஆக்குவதும்தான் அதிக வேகம் தரும். ஐ3-2100-க்கு இரண்டு கோர், நான்கு திரெட். ஐ7-3770-க்கு நான்கு கோர், எட்டு திரெட். படம் எடிட் செய்யும்போது இந்த வித்தியாசம் தெரியும், டைப் செய்யும்போது தெரியாது. இரண்டுமே விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஐ7 ஏற்கெனவே கையில் இருப்பதால் முயன்று பாருங்கள் என்கிறேன். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றிருந்தால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குப் போடச் சொல்லியிருப்பேன். புதுப் போர்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ரிவிஷனுக்கு ஐவி பிரிட்ஜ் அப்டேட்டே இல்லை என்று தெரிந்தால், ஐ7-ஐக் கொடுத்துவிட்டு ஐ5-2400 அல்லது ஐ7-2600 கேளுங்கள். ஐ7-2600 95 வாட் என்பதால் போர்டின் பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐ3-ஐ மாட்டியபின் நான்கு விஷயங்களை இங்கே எழுதுங்கள்: போர்டின் முழுப் பெயர், ரிவிஷன், பயாஸ் பதிப்பும் தேதியும், ஐ7-இன் மூடியில் இருக்கும் எழுத்துகள் அத்தனையும். காலியான சாக்கெட்டை நேர்மேலிருந்து எடுத்த தெளிவான படம் ஒன்றும் வேண்டும். இடைப்பதிப்பு தேவையா என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பென் டிரைவைச் சொருக வேண்டாம்.